கழிப்பறையிலிருந்து காய்கறிப் பாத்திக்கு

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர மையத்தில், பல்கலைக்கழகத்தின் பழைய அருங்காட்சியக வளாகம் இருக்கும் இடத்தில் 2016 முதல் 2019 வரை அகழாய்வு நடந்தது. கட்டடங்களுக்கு அடியில் கிடந்தது அகுஸ்தினார் சபைத் துறவிகளின் பழைய மடம். 1280களில் தொடங்கி, 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னர் நாட்டின் துறவு மடங்களைக் கலைக்கும்வரை அங்கே துறவிகள் வாழ்ந்தார்கள், படித்தார்கள், இறந்தார்கள். இறந்தவர்களை மடத்து வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். சாதாரண மக்களின் உடல் வெறும் சவத்துணியில் சுற்றப்பட்டுப் புதைகுழிக்குப் போகும். துறவியோ தன் அங்கியோடும் இடைவாரோடும் போவார். அங்கியும் வாரும் மக்கிப்போயின. வாரின் உலோகக் கொக்கி மட்டும் இடுப்பருகே அப்படியே இருந்தது. எந்த எலும்புக்கூடு துறவியுடையது என்பதை அந்தக் கொக்கியே காட்டிக்கொடுத்தது.

பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையில் பண்டைய ஒட்டுண்ணிகளுக்கென்றே ஓர் ஆய்வகம் நடத்துபவர் பியர்ஸ் மிட்செல். அவருடைய குழு இந்தத் துறவிகளில் 19 பேரின் இடுப்பெலும்புப் பகுதியிலிருந்து மண்ணை எடுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே நகரில் கோட்டையை ஒட்டி இருந்த அனைத்துப் புனிதர் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்திலிருந்து 25 பேரின் மண்ணையும் எடுத்தது. இவர்கள் 12 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த நகரவாசிகள், பெரும்பாலும் ஏழைகள்.

துறவிகளிடம் எல்லா வசதியும் இருந்தது. அக்கால மடங்களில் தனியாகக் கட்டிய கழிப்பறைத் தொகுதி இருக்கும், கைகழுவ இடம் இருக்கும். நகரத்து ஏழையிடம் இருந்ததோ கொல்லைப்புறத்தில் தோண்டிய ஒரு மலக்குழி. ஆகவே துறவிகளின் குடலில் புழு குறைவாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2022-இல் வெளியான முடிவு இதைத் தலைகீழாக்கியது. நகரவாசிகள் 25 பேரில் 8 பேருக்கு, அதாவது 32 விழுக்காட்டினருக்குக் குடற்புழு இருந்தது. இது இடைக்கால ஐரோப்பாவில் எதிர்பார்க்கத்தக்க அளவுதான். துறவிகள் 19 பேரில் 11 பேருக்குப் புழு இருந்தது: 58 விழுக்காடு.

கழிப்பறை வைத்திருந்தவர்களுக்கு ஏன் அதிகப் புழு? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், சுகாதாரத்தைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி பாதியில் நின்றுவிடுகிறது என்பது தெரியவரும். கழிப்பறை இருந்ததா, கை கழுவினார்களா என்பதோடு நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். கழிப்பறைக் குழி நிறைந்தபிறகு அதில் இருந்தது எங்கே போனது என்று கேட்பதில்லை. இடைக்காலத்து மனிதரின் குடலை நிரப்பியதில் பெரும்பங்கு, கேட்கப்படாத அந்த இரண்டாம் கேள்விக்குரியது.

மண்ணுக்குள் போன மனிதரின் குடல் சில வாரங்களில் அழிந்துவிடும். அதிலிருந்த புழுவும் அழிந்துவிடும். எஞ்சுவது முட்டை. உடல் மல்லாந்து கிடப்பதால், குடல் சிதையும்போது அதிலிருந்த முட்டைகள் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கித் தங்குகின்றன. அந்த இடத்து மண்ணை ரசாயனக் கரைசலில் ஊறவைத்துப் பிரித்து, அடுத்தடுத்து நுண்சல்லடைகளில் சலிக்கிறார்கள். கடைசிச் சல்லடையின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். உருளைப்புழுவின் முட்டைக்கு மேடுபள்ளமான தடித்த ஓடு. சாட்டைப்புழுவின் முட்டை இருமுனையிலும் குமிழ் வைத்த எலுமிச்சைபோல இருக்கும். பழகிய கண்ணுக்கு இவற்றில் குழப்பமே வராது. பக்கத்து மண்ணிலிருந்து முட்டை வந்திருக்கலாமே என்ற ஐயத்தைத் தீர்க்க, அதே எலும்புக்கூட்டின் மண்டையோட்டருகேயும் காலருகேயும் மண் எடுத்துச் சோதிக்கிறார்கள். இடுப்பில் முட்டை இருந்து தலையருகே இல்லையென்றால் அது அந்த மனிதரின் குடலில் இருந்ததுதான்.

கல்லறை மட்டுமல்ல, பழைய மலக்குழிகளும் இந்தத் துறைக்குச் சுரங்கங்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1972-இல் ஒரு வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது, 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வைக்கிங் ஒருவரின் மலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளத்தில், முழுசாக, கெட்டிப்பட்டுக் கிடைத்தது. இன்று அது அந்நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இறைச்சியும் ரொட்டியும் தின்ற அந்த மனிதரின் உடலில் உருளைப்புழு, சாட்டைப்புழு இரண்டுமே இருந்தன. டென்மார்க்கின் விபோர்க் நகரில் கிடைத்த ஆயிரம் ஆண்டுப் பழமையான வைக்கிங் காலக் கழிப்பறையிலிருந்து எடுத்த சாட்டைப்புழு முட்டைகளின் மரபணுத் தொகுதியையே கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று படித்து 2022-இல் வெளியிட்டது. ஓடு அவ்வளவு உறுதி. ஆனால் எல்லாப் புழுவின் முட்டைக்கும் அந்த ஓடு வாய்க்கவில்லை. கொக்கிப்புழுவின் முட்டையும் குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சியின் முட்டையும் மெல்லிய ஓடு உடையவை. மண்ணில் நிற்பது அரிது. எனவே இத்தகைய ஆய்வுகள் தரும் எண்ணிக்கை எப்போதுமே உண்மையைவிடக் குறைந்ததாகத்தான் இருக்கும்.

துறவிகளின் புதிரை அவிழ்க்க உருளைப்புழுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பெண் புழு ஓரடி நீளம்வரை வளரும். நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைகள் இடும். மலத்தோடு வெளிவரும் முட்டை உடனே யாரையும் தொற்றாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அது இரண்டு முதல் நான்கு வாரம் கிடக்க வேண்டும். அதற்குள்தான் முட்டைக்குள் புழுக்குஞ்சு உருவாகும். அதன்பிறகு யாராவது அதை விழுங்க வேண்டும். சிறுகுடலில் பொரிந்த குஞ்சு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு கல்லீரலுக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போகும். மூச்சுக்குழல் வழியே ஏறித் தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலை அடையும். அங்கே வளர்ந்து ஓரிரு ஆண்டு வாழ்ந்து சாகும். இந்த விசித்திரமான சுற்றுப்பயணம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முழுமையாகப் புரிந்தது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் கோய்னோ 1922-இல் ஏறத்தாழ 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கி, பின்னர் தம் சளியில் புழுக்குஞ்சுகளைக் கண்டு இதை நிறுவினார். மனித அறிவுக்காக ஒரு மருத்துவர் ஏற்றுக்கொண்ட வேதனை அது.

இந்த வாழ்க்கைச் சுழற்சியில் இரண்டு செய்திகள் துறவிகளுக்குப் பொருந்துகின்றன. புழு ஓரிரு ஆண்டுதான் உயிர்வாழும் என்பதால், சாகும் தருவாயில் ஒருவரது குடலில் அது இருந்திருந்தால் அண்மையில்தான் தொற்றியிருக்க வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட துறவிகள் சாகும்போது புழுவோடு இருந்தார்கள் என்றால், மடத்து வாழ்க்கை நெடுகிலும் அவர்கள் மீண்டும் மீண்டும் முட்டையை விழுங்கிக்கொண்டே இருந்தார்கள் என்று பொருள். அடுத்து, முட்டைக்குச் சில வாரம் மண் தேவை. கழிப்பறையில் இருந்து நேராக யாருக்கும் அது தொற்றாது. மலம் மண்ணில் கலந்து, அந்த மண் வாய்க்கு வரவேண்டும். மடத்துக்குள் மண்ணும் வாயும் சந்திக்கிற இடம் ஒன்று இருந்தது: காய்கறித் தோட்டம்.

மடங்கள் தங்களுக்கான கீரை, வெங்காயம், முட்டைக்கோசு போன்றவற்றைத் தாங்களே பயிரிட்டன. பயிருக்கு உரம் வேண்டும். கழிப்பறைத் தொகுதியின் அடியில் ஆண்டு முழுவதும் சேரும் மலம் நல்ல உரம். மிட்செல் குழு முன்வைக்கும் விளக்கம் இதுதான்: துறவிகள் தங்கள் மலத்தையே தோட்டத்துக்கு இட்டிருக்க வேண்டும், அல்லது ஊரிலிருந்து மனித மலமோ பன்றிச் சாணமோ கலந்த உரத்தை வாங்கியிருக்க வேண்டும். நகரத்து ஏழைகளும் கொல்லையில் ஏதாவது பயிரிட்டிருப்பார்கள். ஆனால் மலக்குழியைத் தோண்டி மூடிவிட்டு, நிறைந்தால் பக்கத்தில் இன்னொன்று தோண்டிக்கொண்டவர்களின் மலம் குழியிலேயே அடைந்துகிடந்தது. மடத்தின் ஒழுங்கான கழிப்பறையோ எல்லோரது மலத்தையும் ஓரிடத்தில் சேர்த்து, அள்ள வசதியாக வைத்தது. ஒருவரது புழு எல்லோருக்கும் பகிரப்பட்டது. 44 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இது. அதிலிருந்து ஐரோப்பா முழுவதற்கும் விதி வகுக்கக் கூடாது. என்றாலும் புழுவின் உயிரியலோடு இவ்வளவு சரியாகப் பொருந்தும் வேறு விளக்கம் கண்ணுக்குப் படவில்லை.

இடைக்காலத்தவரை அழுக்கர்கள் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நியாயமற்றது. காண்டர்பரி பேராலயத்து மடம் 1160களிலேயே ஊருக்கு வெளியேயுள்ள ஊற்றிலிருந்து குழாயில் நீர் கொண்டுவந்து, குளியலறைக்கும் சமையலறைக்கும் பிரித்துக்கொடுத்து, எஞ்சிய நீரைக் கழிப்பறையின் அடியில் ஓடவிட்டது. அந்தக் குழாயமைப்பின் வண்ண வரைபடம் இன்றும் இருக்கிறது. லண்டன் நகரம் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மலக்குழிக்கு விதி வைத்திருந்தது. கல் பாவிய குழி என்றால் அண்டைவீட்டு எல்லையிலிருந்து இரண்டரை அடி, பாவாத குழி என்றால் மூன்றரை அடி தள்ளியிருக்க வேண்டும். விதியை மீறியவர்மீது அண்டைவீட்டார் வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதிகள் நேரில் வந்து குழியைப் பார்த்துத் தீர்ப்பளித்தார்கள். குழிகளை இரவில் அள்ளுவதற்கென்றே தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆபத்தான, பிறர் ஒதுக்கிய வேலை; மற்ற வேலைகளைவிடக் கூலி அதிகம். அவர்கள் அள்ளியது ஊருக்கு வெளியே வயல்களுக்கும் போனது. நாற்றம் நோயைக் கொண்டுவரும் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். நாற்றத்தை அகற்றப் பெரும்பாடு பட்டார்கள். முட்டைக்கு நாற்றம் இல்லை. மக்கிய உரத்தில் மண்வாசனைதான் வரும்.

தங்கள் வயிற்றில் புழு இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஓரடி நீளப் புழு வெளிவந்தால் தெரியாமல் எப்படிப் போகும்? 6-ஆம் நூற்றாண்டில் திரால்லஸ் நகர அலெக்சாண்டர் என்ற கிரேக்க மருத்துவர் குடற்புழுவைப் பற்றியே நண்பருக்கு ஒரு கடிதநூல் எழுதினார். 11-ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா தம் மருத்துவக் களஞ்சியத்தில் புழுக்களை வகைபிரித்தார். எங்கிருந்து வருகிறது என்பதில்தான் தவறினார்கள். உடம்பு இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கால் ஆனது; கபம் மிகுந்து குடலில் அழுகும்போது அதிலிருந்து புழு தானே பிறக்கிறது என்பது அன்றைய கொள்கை. தோட்டத்துக்கும் வயிற்றுக்கும் தொடர்பு இருப்பதாக அந்தக் கொள்கையில் இடமே இல்லை.

கேம்பிரிட்ஜ் நகரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1361-இல் இறந்த ஜான் ஸ்டாக்டன் என்ற அந்நகர மருத்துவர், கையெழுத்துப் படி ஒன்றைப் பீட்டர்ஹவுஸ் கல்லூரிக்கு விட்டுச்சென்றார். அதில் புழுக்களுக்கென ஒரு பகுதி இருக்கிறது. எந்தக் கபத்திலிருந்து எந்தப் புழு பிறக்கிறது என்று விளக்கிவிட்டு, கற்றாழைப் பாலில் செய்த மூசாம்பரம், மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடி போன்றவற்றைக் கொடுக்கச் சொல்கிறது. கசப்பை மறைக்கத் தேன். இந்த மருந்துகள் வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியிலிருந்து 1830-இல் பிரித்தெடுத்த சாண்டோனின் என்ற பொருள், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உலகெங்கும் உருளைப்புழு மருந்தாகப் பயன்பட்டது. துறவி ஒருவர் கசப்புக் கஷாயத்தைக் குடித்திருப்பார். சில புழுக்கள் வெளியேறியிருக்கும். அடுத்த வாரம் அதே தோட்டத்துக் கீரையைத் தின்றிருப்பார்.

ஏழை, துறவி என்று மட்டும் இல்லை, அரசனும் தப்பவில்லை. 1485 ஆகஸ்ட் 22 அன்று போஸ்வொர்த் போர்க்களத்தில் 32 வயதில் வெட்டுண்டு இறந்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு, 2012-இல் லெஸ்டர் நகரின் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டு மிட்செல் குழு வெளியிட்ட முடிவின்படி, மன்னரின் இடுப்பு மண்ணில் உருளைப்புழு முட்டைகள் ஏராளம். மண்டையோட்டு மண்ணில் ஒன்றும் இல்லை. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மீன் வழியாக வரும் நாடாப்புழுக்களின் முட்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அரசரின் சமையற்காரர்கள் இறைச்சியை நன்றாக வேகவைத்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். அதே மேசைக்குப் பச்சையாக வந்த கீரையோ, அதைத் தொட்ட கையோ புழுவைக் கொண்டுவந்தது.

நாடாப்புழு வேறொரு கதை. மண்ணைக் கடந்து வருவதல்ல அது; சமையலையும் தொழிலையும் கடந்து வருவது. இதை மிக நுட்பமாகக் காட்டியது வடஜெர்மனியின் லூபெக் நகரம். பால்டிக் கடல் வணிகத்தை ஆண்ட ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் தலைநகர் போன்றது லூபெக். டிராவே, வாக்கெனிட்ஸ் என்ற இரு ஆறுகளுக்கு நடுவே அமைந்தது. அதன் பழைய மலக்குழிகளில் கிடைத்த முட்டைகளின் மரபணுவை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் ஸ்மித் குழுவினர் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டுவரை அந்நகரின் மலக்குழிகளில் நன்னீர் மீன் வழியாக வரும் நாடாப்புழுவின் முட்டைகள் மிகுதி. அதன்பின் அவை திடீரெனச் சரிகின்றன; மாட்டிறைச்சி வழியாக வரும் நாடாப்புழு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

சில பத்தாண்டுகளில் ஒரு நகரத்தின் வயிறே மாறியிருக்கிறது. மீன் தின்றவர்கள் மாட்டிறைச்சிக்கு மாறினார்களா? இருக்கலாம். ஆய்வாளர்கள் இன்னொரு சாத்தியத்தையும் சொல்கிறார்கள். இது இன்னும் ஆழமானது. அந்தக் காலகட்டத்தில்தான் வாக்கெனிட்ஸ் ஆற்றங்கரைப் பக்கம் தோல் பதனிடும் தொழிலும் கசாப்புத் தொழிலும் பெருகின. மீன் நாடாப்புழுவின் குஞ்சு முதலில் நன்னீரில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரி ஒன்றில் புகுந்து, அதைத் தின்னும் மீனில் ஏறி, மீனைச் சரியாக வேகவைக்காமல் தின்னும் மனிதரை அடையும். ஆற்றுநீர் தோல் கழிவால் கெட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறும். அப்படியென்றால் சுகாதாரத்துக்காக யாரும் எதையும் செய்யாமல், ஓர் ஆற்றைக் கெடுத்ததன் பக்கவிளைவாக ஒரு நோய் குறைந்திருக்கிறது. கெடுதலில் விளைந்த நன்மை என்று மகிழ்ந்துவிட முடியாது. ஆற்று மீனை நம்பியிருந்தவர்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை எந்த முட்டையும் சொல்லாது.

வணிகமும் போரும் புழுக்களை நாடுவிட்டு நாடு கொண்டுபோயின. சிலுவைப் போர் வீரர்கள் பிடித்துவைத்திருந்த ஆக்கர் துறைமுக நகரில், நோயாளிகளையும் பயணிகளையும் பேணிய ஹாஸ்பிட்டலர் சபையினரின் 13-ஆம் நூற்றாண்டுக் கழிப்பறையை அகழ்ந்தார்கள். அங்கே இரத்த சீதபேதியை உண்டாக்கும் அமீபாவின் தடயமும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியாவின் தடயமும் கிடைத்தன. இவை நுண்ணோக்கியில் எளிதில் சிக்காத ஒற்றைச் செல் உயிரிகள்; அவற்றின் புரதத்தை மட்டும் அடையாளம் காணும் இரத்தப் பரிசோதனை முறை போன்ற ஒரு சோதனையால் பிடித்தார்கள். சிலுவைப் படைகள் எதிரியின் வாளைவிட வயிற்றுநோய்க்கே அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது. பிரான்சின் ஒன்பதாம் லூயி மன்னர் 1250-இல் எகிப்திலிருந்து பின்வாங்கியபோது சீதபேதி அவரை அவ்வளவு வாட்டியது. அவருடைய கீழாடையின் அடிப்பகுதியை வெட்டிவிட வேண்டியிருந்தது என்று உடனிருந்த ஜுவான்வில் பிரபு எழுதிவைத்திருக்கிறார். இருபது ஆண்டுக்குப்பின் துனிசில் அந்த மன்னரின் முடிவும் அதே வகை நோயால்தான்.

எருசலேமில் 15-ஆம் நூற்றாண்டு மாம்லுக் ஆட்சிக்கால மலக்குழி ஒன்றில் ஆறு வகை ஒட்டுண்ணிகள் கிடைத்தன. அவற்றில் மீன் நாடாப்புழுவும் ஒன்று. வடக்கு ஐரோப்பாவின் நன்னீர் மீன் உணவோடு சேர்ந்தது அது. எருசலேமில் அதற்கு வேலையே இல்லை. யாத்திரிகரோ வணிகரோ வடக்கிலிருந்து வயிற்றில் சுமந்துவந்திருக்க வேண்டும். வேதாகமத்து ஊரைத் தரிசிக்க மாதக்கணக்காக நடந்தும் கப்பலேறியும் வந்த ஒரு பக்தரின் பயணத்துக்கு அந்த முட்டை மட்டுமே மிஞ்சிய சாட்சி.

இதைவிட வியப்பூட்டுவது பெல்ஜியத்தின் புரூகே நகரில் கிடைத்தது. 1500 வாக்கில் அங்கே ஸ்பானிய வணிகர்கள் தங்கியிருந்த இல்லத்தின் கழிப்பறையில், ஷிஸ்டோசோமா மான்சோனி என்ற குடல் இரத்தப்புழுவின் முட்டையை மிட்செலும் சக ஆய்வாளர்களும் அடையாளம் கண்டு 2024-இல் வெளியிட்டார்கள். பக்கவாட்டில் முள் நீட்டிய அந்த முட்டையை வேறெதனோடும் குழப்ப முடியாது. அது ஆப்பிரிக்க நன்னீரில் வாழும் ஒருவகை நத்தையின் உடலில் வளர்ந்தால்தான் மனிதரைத் தொற்ற முடியும். குளிர்ந்த புரூகேயில் அந்த நத்தை இல்லை. ஸ்பானிய, போர்த்துகீசியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் பொன்னையும் தந்தத்தையும் ஐரோப்பாவுக்கு அள்ளிவந்த நூற்றாண்டு அது. ஆப்பிரிக்க ஆற்றில் கால்நனைத்த ஒருவர் அந்த வணிக இல்லத்துக்கு வந்து தங்கியிருக்கிறார். வணிகரா, கப்பல் ஊழியரா, அடிமையாகக் கொண்டுவரப்பட்டவரா? கணக்கேடுகள் பொன்னை எடைபோட்டு எழுதின, இவரை எழுதவில்லை.

இந்தத் தனித்தனிக் கண்டுபிடிப்புகளை ஒட்டுமொத்தமாக நிறுத்திப் பார்க்கும் முயற்சி 2020-இல் வந்தது. இங்கிலாந்து, ஜெர்மனி, செக் நாடு ஆகியவற்றின் ஏழு கல்லறைத் தோட்டங்களில், கி.பி. 680 முதல் 1700 வரையிலான 589 பேரின் இடுப்பு மண்ணை ஆக்ஸ்போர்டு குழு ஆராய்ந்தது. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் எல்லா இடத்திலும் இருந்தன. அவற்றின் பரவல் விகிதம் இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் குடற்புழு மிகுந்த பகுதிகளில் காணப்படும் விகிதத்துக்கு ஒப்பானது.

இந்த ஒப்புமையைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். குடற்புழு வெப்பநாட்டு நோய் என்று பாடநூல்கள் வகைபிரிக்கின்றன. பனிபெய்யும் செக் நாடும் ஈரமான இங்கிலாந்தும் ஆயிரம் ஆண்டுகள் அதைச் சுமந்திருக்கின்றன. இதன் சுமை சாவுக் கணக்கில் தெரியாது. குடலில் சில புழு இருந்தால் பெரியவர் ஒருவர் அதை உணராமலேகூட வாழ்ந்துவிடலாம். புழு பெருகிய குழந்தையோ தின்றதில் ஒரு பகுதியை அதனிடம் இழக்கிறது. சாட்டைப்புழு குடற்சுவரில் தலையைப் புதைத்து இரத்தக் கசிவை உண்டாக்கும். இரத்தசோகை வரும், வளர்ச்சி குன்றும். 1315 முதல் 1317 வரை வடஐரோப்பாவை வதைத்த பெரும்பஞ்சத்தில், கிடைத்த அரைவயிற்றுக் கூழைக்கூட அந்தக் குழந்தைகள் புழுக்களோடு பங்குபோட்டார்கள்.

ஐரோப்பாவில் இந்தப் புழுக்கள் எப்படி ஒழிந்தன? மாத்திரையால் அல்ல. இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் 1970களில்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மேற்கு ஐரோப்பாவில் புழு அரிதாகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் நகரங்கள் மூடிய சாக்கடைகளைக் கட்டின. வயலுக்கு மனித மலத்துக்குப் பதிலாகத் தென்னமெரிக்கப் பறவை எச்சமும் பின்னர் ரசாயன உரமும் வந்தன. மலத்துக்கும் பாத்திக்கும் இடையே இருந்த பாதை அறுந்தது.

இதை நம் தாத்தா காலத்திலேயே நிகழ்ந்த ஒரு மாற்றத்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். ஜப்பானில் நகரத்து மலத்தைப் பணம் கொடுத்து வாங்கி வயலுக்கு இடுவது நூற்றாண்டுகளாகச் செழித்த வணிகம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உருளைப்புழு இருந்தது. அங்கே வந்து தங்கிய அமெரிக்க ராணுவம் உள்ளூர்க் காய்கறியைத் தன் வீரர்களுக்குக் கொடுக்க அஞ்சி, 1946-இல் டோக்கியோவுக்கு அருகே சோஃபுவில் மண்ணே இல்லாமல் சத்துநீரில் கீரையும் தக்காளியும் வளர்க்கும் பெரிய பண்ணை ஒன்றை அமைத்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஜப்பான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தது. வயல்களும் ரசாயன உரத்துக்கு மாறின. புழு அருகிப்போனது. அங்கே மருந்தும் மண்ணும் ஒருசேர மாறின என்பதுதான் முக்கியம்.

மருந்து மட்டும் தனியே நின்றால் நடப்பது வேறு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, புழுமாத்திரை கொடுத்த ஊரில் ஆறு மாதத்துக்குள் உருளைப்புழுப் பரவல் பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குத் திரும்பிவிடுகிறது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ முழுவதுமே திரும்பிவிடுகிறது. குடலில் இருந்த புழு செத்திருக்கும். தோட்டத்து மண்ணில் முட்டை அப்படியே இருக்கும். ஸ்டாக்டனின் கசப்புக் கஷாயத்தைக் குடித்த துறவிக்கு நேர்ந்ததும் இதுவே.

இன்று உலகில் 150 கோடிப் பேர் மண்வழி பரவும் குடற்புழுக்களைச் சுமக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுக்காமல் ஊரில் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறை, மூன்றாண்டு தொடர்ந்து கொடுத்தால் தொற்றின் சங்கிலியையே அறுக்க முடியுமா என்று பார்க்க, டிவார்ம்3 என்ற பெரிய கள ஆய்வு பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் நடத்தப்பட்டது. இந்தியப் பகுதியை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஏற்றது. அதற்கு எடுத்துக்கொண்ட இடங்கள் திமிரி வட்டாரமும் ஜவ்வாது மலையும். இங்கே முதன்மை எதிரி கொக்கிப்புழு. வெறுங்காலோடு மண்ணை மிதிப்பவரின் தோலைத் துளைத்து ஏறும் அந்தப் புழுவுக்கு வாய்கூடத் தேவையில்லை. மலம் கலந்த ஈரமண் மட்டும் போதும்.